காலமறிந்து முடிவெடுத்த பெருமகன் ஜாம்ஷெட்ஜி டாடா

வியாபாரம் என்பது நம் ஜமாஅத்தைச் சேர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த வாழ்வாதாரமாகும். கடைத்தெருவில் கடை வைத்திருப்போர், வெளியூர்களில் வணிகம் செய்வோர், அயல்நாடுகளில் உழைத்துச் சேர்த்த பொருளுடன் ஊர் திரும்பித் தொழில் தொடங்குவோர் எனப் பலரையும் நாம் அறிவோம். அவர்களுள் உயர்ந்தோரையும் கண்டிருக்கிறோம், நலிந்தோரையும் கண்டிருக்கிறோம். நலிவுக்குக் காரணம் கேட்டால் முதல் போதவில்லை, காலம் சரியில்லை, போட்டி கடுமையாகிவிட்டது என்று பல சொல்லப்படும். ஆனால் சற்று ஆழ்ந்து நோக்கினால், எடுத்தாக வேண்டிய ஒரு முடிவை எடுத்தாக வேண்டிய வேளையில் எடுக்காமல் விட்டதே பலருடைய வீழ்ச்சிக்கு வித்தாக இருந்திருப்பதைக் காணலாம்.

காலத்தே முடிவெடுத்தல் என்றவுடன், விரைந்து முடிவெடுத்தல் என்று நம்மில் பலர் பொருள் கொண்டு விடுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. திருவள்ளுவர் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். ஆராய்ந்து பார்த்தலும் தன் வலிமையை அறிதலும் முன்னே நிற்க, காலமறிதல் அவற்றின் பின்னே வருகிறது. இந்த வரிசை நமக்கு ஒரு பாடம். ஆராயாதவனுக்குக் காலம் வந்தாலும் அது காலமென்று தெரியாது.

இவ்வுண்மையைத் தம் வாழ்நாள் முழுவதும் நடத்திக் காட்டிய ஒருவரின் வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம். இந்தியத் தொழில்துறையின் தந்தை எனப் போற்றப்படும் ஜாம்ஷெட்ஜி நுசர்வான்ஜி டாடாவே அவர். அவருடைய வெற்றிகளை நாடே அறியும். அவர் காத்திருந்த காலங்களையும், தவறிய இடங்களையும், பின்வாங்கிய வேளைகளையும் அறிந்தோர் குறைவு. நமக்குப் பயன் தரக்கூடியவை பெரும்பாலும் அவற்றிலேயே இருக்கின்றன.

பிறப்பும் இளமையும்

குஜராத் பகுதியிலுள்ள நவ்சாரி என்னும் சிற்றூரில் 1839ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் ஜாம்ஷெட்ஜி பிறந்தார். பார்சி சமயத்தின் குருமார் வழி வந்த குடும்பம் அது. தலைமுறை தலைமுறையாகச் சமயப் பணியே செய்து வந்த அக்குடும்பத்தில், அவருடைய தந்தையார் நுசர்வான்ஜி முதன்முதலாகத் துணிந்து பம்பாய்க்குச் சென்று வணிகத்தில் இறங்கினார். மகனையும் பம்பாய்க்கு வரவழைத்து எல்பின்ஸ்டன் கல்லூரியில் கல்வி கற்பித்தார். 1858இல் படிப்பை முடித்த ஜாம்ஷெட்ஜி, தந்தையாரின் வணிகத்தில் சேர்ந்து, மறு ஆண்டே ஹாங்காங் சென்று அங்கு ஒரு கிளையை அமைத்தார்.

அந்நாளைய சீன வணிகத்தில் பருத்தியோடு அபினியும் முக்கியச் சரக்காக இருந்தது. பம்பாய் வணிகர் பலரும் அதில் ஈடுபட்டிருந்தனர். டாடா குடும்பத்தாரும் அதற்கு விலக்கல்லர். ஒருவரின் நற்பண்புகளை எடுத்துரைக்கும்போது இதனை மறைக்க வேண்டியதில்லை. பிற்காலத்தில் அவர் பெயர் நிலைத்தது அச்சரக்கினால் அன்று. அவர் தொடங்கிய ஆலைகளாலும் கல்விப் பணியாலுமே என்பதையும் உடன் சொல்வது முறையாகும்.

இலண்டனில் வந்த சோதனை

1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வருவது தடைப்பட்டது. இந்தியப் பருத்திக்கு ஏற்பட்ட கிராக்கியால் பம்பாயில் பணம் வெள்ளமெனப் பாய்ந்தது. புதிய வங்கிகளும் புதிய கம்பெனிகளும் நாள்தோறும் முளைத்தன. பங்குகளின் விலை ஏறுவதைக் கண்டு, தொழில் தெரிந்தோரும் தெரியாதோரும் கடன் வாங்கிப் பங்குகளை வாங்கிக் குவித்தனர். போர் ஒரு நாள் முடியும், அன்று அமெரிக்கப் பருத்தி மீண்டும் வரும் என்பதை அறியாதார் எவருமிலர். எனினும் அந்நாள் நாளை வராது என்றே ஒவ்வொருவரும் நம்பினர்.

இந்தச் சூழலில் ஜாம்ஷெட்ஜி, குடும்ப நிறுவனத்தின் சார்பில் இலண்டனுக்கு அனுப்பப்பட்டார். 1865இல் போர் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது. பம்பாயில் வங்கிகள் வீழ்ந்தன. செல்வர்கள் ஒரே பருவத்தில் கடனாளிகளாயினர். ஜாம்ஷெட்ஜியின் கையிலிருந்த ஆவணங்கள் மதிப்பிழந்த காகிதங்களாயின. அப்போது அவருக்கு வயது 26. அந்நிய நாடு, உதவிக்கு அருகில் உறவினர் இல்லை, எதிரே கடன் கொடுத்தோர்.

இத்தகைய வேளையில் மனிதர்கள் வழக்கமாகச் செய்வது என்னவென்று நமக்குத் தெரியும். நாளைக்கு நிலைமை மாறும் என்று நாள் கடத்துவர். ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் வாங்குவர். கடன் கொடுத்தோர் வரும் தெருவைத் தவிர்த்து வேறு தெருவில் நடப்பர். ஜாம்ஷெட்ஜி அவ்வாறு செய்யவில்லை. வங்கியாளர்களையும் கடன் கொடுத்தோரையும் தாமே நேரில் சந்தித்து, நிறுவனத்தின் உண்மை நிலையை மறைக்காமல் எடுத்துரைத்தார். அவருடைய நேர்மை அவர்களைக் கவர்ந்தது. அந்நிறுவனத்தின் கணக்கைத் தீர்த்து முடிக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்து, அதற்காக மாதம் 20 பவுன் ஊதியமும் வழங்கினர். ஊரில் தந்தையார் தம் வீட்டை விற்றுக் கடன்களைத் தீர்க்க நேர்ந்தது. பொருள் போயிற்று, பெயர் போகவில்லை.

அவர் எடுத்த முதல் பெரும் முடிவு இதுவே எனலாம். இதில் இலாபம் ஏதுமில்லை. ஆனால் இதனை ஆறு மாதம் கழித்து எடுத்திருந்தால், அதே உண்மையை அதே மனிதர்களிடம் சொல்லியிருந்தாலும், அது நேர்மையாக மதிக்கப்பட்டிருக்காது. அகப்பட்டுக்கொண்டவனின் வாக்குமூலமாகவே கருதப்பட்டிருக்கும்.

நாக்பூர் ஆலை

1867–68இல் பிரிட்டிஷார் அபிசீனியா மீது படையெடுத்தபோது, அப்படைக்குப் பொருள் வழங்கும் ஒப்பந்தத்தில் நுசர்வான்ஜி பங்குபெற்றார். அதில் கிடைத்த இலாபம் குடும்பத்தை மீண்டும் தலைநிமிரச் செய்தது. அந்த முதலைக் கொண்டு 1869இல் பம்பாய் சிஞ்ச்பொக்லியில் நொடித்துப்போன ஓர் எண்ணெய் ஆலையை வாங்கி, அதனைப் பஞ்சாலையாக மாற்றி, அலெக்சாண்ட்ரா ஆலை என்று பெயரிட்டு நடத்தினார் ஜாம்ஷெட்ஜி. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் அதை நல்ல இலாபத்திற்கு விற்றும் விட்டார். நன்றாக ஓடும் ஆலையை ஏன் விற்க வேண்டும் என்று கேட்கலாம். அவர் மனத்திலிருந்தது அதைவிடப் பெரிய ஆலை. அதற்கு முதலும் வேண்டும். தொழில் நுணுக்கமும் வேண்டும். விற்ற கையோடு இங்கிலாந்து சென்று, லங்காஷயரின் ஆலைகளை நேரில் கண்டு பயின்றார்.

புதிய ஆலையைப் பம்பாயிலேயே அமைப்பார் என்றே அனைவரும் எதிர்பார்த்தனர். ஆலைகள், வங்கிகள், துறைமுகம், தரகர்கள் அனைத்தும் அங்கே இருந்தன. ஆனால் ஜாம்ஷெட்ஜி வேறு கணக்குப் போட்டார். பருத்தி விளையும் இடத்திலிருந்து பஞ்சைப் பம்பாய்க்குக் கொண்டுவந்து, நூலாகவும் துணியாகவும் ஆக்கி, மீண்டும் உள்நாட்டுச் சந்தைகளுக்கே அனுப்புவதில் எவ்வளவு கூலி வீணாகிறது என்று எண்ணினார். பருத்தி அருகில் இருக்க வேண்டும்; நிலக்கரி அருகில் இருக்க வேண்டும்; துணி வாங்குவோரும் இரயில் பாதையும் அருகில் இருக்க வேண்டும். இவை அனைத்தும் பொருந்திய இடம் நாக்பூர். வரோரா நிலக்கரிச் சுரங்கமும் அதற்குத் தொலைவில் இல்லை.

1874இல் 15 இலட்சம் ரூபாய் முதலில் கம்பெனி தொடங்கப்பட்டது. ஜும்மா குளத்தின் அருகே சதுப்பான ஒரு நிலம் வாங்கப்பட்டது. அதை மேடாக்க மண் கொட்டிக்கொண்டிருந்ததைக் கண்ட உள்ளூர் மார்வாரி வட்டிக்கடைக்காரர் ஒருவர், தங்கத்தை மண்ணில் கொட்டும் இந்த மனிதருக்குப் பணம் தர முடியாது என்று மறுத்துவிட்டாராம். ஆலை வளர்ந்து செழித்த பிறகு, அவர் மண்ணைக் கொட்டித் தங்கத்தை அல்லவா எடுத்திருக்கிறார் என்று அவரே வியந்ததாகக் கூறுவர். 1877 ஜனவரி முதல் நாள், விக்டோரியா அரசியார் இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்ட அன்றே, எம்பிரஸ் ஆலை என்னும் பெயருடன் அது இயங்கத் தொடங்கியது.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஆலை விற்ற ஆண்டுக்கும் புதிய கம்பெனி தொடங்கிய ஆண்டுக்கும் இடையே ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கழிந்தன. அவை சும்மா கழிந்தவை அல்ல; இடம் தேடியும், தொழில் கற்றும், கணக்குப் பார்த்தும் கழிந்தவை. முடிவெடுக்கத் தயங்குபவரும் காத்திருக்கிறார். முடிவுக்கு ஆயத்தமாகிறவரும் காத்திருக்கிறார். வெளியிலிருந்து பார்ப்போருக்கு இருவரும் ஒன்றுபோலவே தோன்றுவர். அவர்கள் நாள்களை எதில் செலவிடுகின்றனர் என்பதிலேயே வேறுபாடு இருக்கிறது.

ஆளும் இயந்திரமும்

ஆலையை நிர்வகிக்க ஜாம்ஷெட்ஜி தேர்ந்தெடுத்தவர் பெஸோன்ஜி தாதாபாய். அவர் இரயில்வேயில் சரக்குப் பிரிவில் பணியாற்றியவர். பஞ்சாலை அனுபவம் இல்லாதவர். தொழில் நுணுக்கத்திற்கு லங்காஷயரைச் சேர்ந்த புரூக்ஸ்பி என்பவர் அமர்த்தப்பட்டார். தகுதியுள்ள ஆளைக் கண்டபின் அனுபவம் இல்லை என்று தள்ளாமல் பொறுப்பை ஒப்படைத்த அம்முடிவு நல்ல பலனைத் தந்தது.

தொடக்கத்தில் வாங்கிய இயந்திரங்கள் எதிர்பார்த்த தரத்தில் இல்லை. உற்பத்தி குறைந்தது, பங்கின் மதிப்பு இறங்கியது. வாங்கியாயிற்றே, போட்ட பணம் வீணாகலாமா என்று அவற்றையே ஓட்டிக்கொண்டிராமல், சிறந்த இயந்திரங்களை வரவழைத்தார். அக்காலத்தில் அமெரிக்காவில் வளையக் கதிர் என்னும் புதிய நூற்பு முறை வளர்ந்து வந்தது. பழைய முறையில் ஊறிப்போன லங்காஷயர் அதனை ஏற்கத் தயங்கியது. ஜாம்ஷெட்ஜி 1880களின் தொடக்கத்திலேயே இரண்டே இரண்டு வளையக் கதிர் இயந்திரங்களை வரவழைத்துச் சோதித்துப் பார்த்தார். நூல் நன்றாக வந்தது. அதன் பின்னரே ஆலை முழுவதும் மாற்றம் செய்யப்பட்டது. முதலில் சிறிதாகச் சோதனை செய்து, பலன் தெரிந்தவுடன் பெரிதாகத் துணிவது அவருடைய வழக்கம்.

தொழிலாளர் நலனிலும் சட்டம் வந்து கட்டாயப்படுத்தும்வரை அவர் காத்திருக்கவில்லை. ஆலைக்குள் வெப்பம் தணிய ஈரப்பதக் கருவிகளும், தீத்தடுப்புத் தண்ணீர்த் தெளிப்பான்களும் பொருத்தப்பட்டன. 1886இல் ஓய்வூதிய நிதியும், 1895இல் விபத்து இழப்பீடும் அந்த ஆலையில் ஏற்பட்டன. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இந்தியாவில் இயற்றப்பட்டது 1923இல்தான்.

அவசரத்திற்குக் கொடுத்த விலை

இத்தனை நிதானம் வாய்ந்தவரும் ஒருமுறை அவசரப்பட்டார். 1886இல் பம்பாய் குர்லாவிலிருந்த தரம்சி ஆலை விற்பனைக்கு வந்தது. பெரும் பொருட்செலவில் கட்டப்பட்ட அந்த ஆலை பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்குக் கிடைத்தது. எம்பிரஸ் ஆலையின் வெற்றி தந்த தன்னம்பிக்கையில் ஜாம்ஷெட்ஜி அதை வாங்கி, சுதேசி ஆலை என்று பெயர் சூட்டினார். மலிவாகக் கிடைத்ததன் காரணம் பின்னரே தெரிந்தது. இயந்திரங்கள் பழுதடைந்து, அன்றாடம் நின்றுவிடும் நிலையில் இருந்தன. பங்குதாரர்கள் கலங்கினர், பங்கின் விலை சரிந்தது, டாடாவின் கணிப்பு தவறிவிட்டது என்று பம்பாய்ச் சந்தையில் பேச்சு எழுந்தது. ஒரு வங்கி அவருக்குக் கடன் தரவும் மறுத்தது.

தவறான முடிவு எடுத்தவர் முன் எப்போதும் இரண்டு வழிகள் உண்டு. தவறே இல்லை என்று சாதிப்பது ஒன்று. தவறை ஒப்புக்கொண்டு உடனே சரிசெய்ய முற்படுவது மற்றொன்று. ஜாம்ஷெட்ஜி இரண்டாவதைத் தேர்ந்தார். எம்பிரஸ் ஆலையில் தமக்கிருந்த பங்குகளில் ஒரு பகுதியை விற்றுப் பணம் திரட்டினார். நாக்பூரிலிருந்து திறமையான ஆள்களைக் குர்லாவிற்கு வரவழைத்தார். பழைய இயந்திரங்களைக் கழித்துப் புதியன பொருத்தினார். சில ஆண்டுக் கடும் உழைப்பிற்குப் பின் சுதேசி ஆலை நிமிர்ந்தது. அதன் நூல் கீழைநாட்டுச் சந்தைகளில் நற்பெயர் பெற்றது.

முடிவின் பயன் கடைசியில் நன்றாக அமைந்ததால் வாங்கியது சரியென்று ஆகிவிடாது. வாங்குவதற்கு முன் சில வாரங்கள் செலவிட்டு இயந்திரங்களை ஆராய்ந்திருந்தால், பின்னர் பல ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும். மலிவு என்பது ஒரு விலை மட்டுமே. அது ஒரு காரணம் ஆகாது. மலையளவு அனுபவம் உள்ளவர்க்கும் இப்பாடம் தேவைப்பட்டிருக்கிறது.

பின்வாங்கவும் அறிந்தவர்

பம்பாயிலிருந்து சீனத்திற்கும் ஜப்பானுக்கும் நூலும் பருத்தியும் ஏற்றிச் சென்ற கப்பல் தொழில் பி. அண்டு ஓ. என்னும் ஆங்கிலேயக் கம்பெனியின் ஆதிக்கத்தில் இருந்தது. அவர்கள் கேட்ட கூலியைக் கொடுப்பதைத் தவிர இந்திய ஆலை முதலாளிகளுக்கு வேறு வழியில்லை. 1893இல் ஜாம்ஷெட்ஜி ஜப்பான் சென்று, நிப்பான் யூசென் கைஷா என்னும் கப்பல் கம்பெனியுடன் உடன்பாடு செய்துகொண்டு, தாமும் கப்பல்களை வாடகைக்கு அமர்த்திப் போட்டியில் இறங்கினார்.

எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. டன் ஒன்றுக்கு 19 ரூபாயாக இருந்த கூலியை ஒன்றரை ரூபாய் அளவுக்குக் குறைத்தது. தொடக்கத்தில் ஆதரவு தருவதாக வாக்களித்த ஆலை முதலாளிகள், குறைந்த கூலியைக் கண்டதும் அந்தப் பக்கம் சாய்ந்தனர். ஜாம்ஷெட்ஜி போராடினார், அரசாங்கத்திடம் முறையிட்டார், பலன் இல்லை. இனியும் நீடித்தால் இரண்டு ஆலைகளும் சேர்ந்து மூழ்கும் என்று கண்டபோது, அமர்த்திய கப்பல்களைத் திருப்பி அனுப்பி அத்தொழிலை விட்டு விலகினார்.

தோல்விதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மானப் பிரச்சினையாக அதனை எண்ணி, கடைசி ரூபாய்வரை கப்பலில் இட்டிருந்தால், பின்னாளில் எஃகு ஆலைக்காக ஒரு ரூபாயும் மிஞ்சியிருக்காது. தொடங்குவதற்கு ஒரு காலம் உண்டு. நிறுத்துவதற்கும் ஒரு காலம் உண்டு. முன்னதைக் கணிப்போர் பலர். பின்னதைக் கணிப்போர் மிகச் சிலர்.

பதினேழு ஆண்டுக் காத்திருப்பு

ஜாம்ஷெட்ஜியின் வாழ்வில் தலையாய முடிவு இரும்பு எஃகு ஆலையைப் பற்றியது. 1882இல் ரிட்டர் வான் ஷ்வார்ட்ஸ் என்னும் ஜெர்மானிய நிபுணர், நாக்பூருக்கு அருகிலுள்ள சாந்தா மாவட்டத்தின் இரும்புத்தாது பற்றி எழுதிய அறிக்கை ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. தாது நல்ல தரம் என்று அது கூறியது. அவர் உள்ளத்தில் அன்றே ஆசை பிறந்தது. ஆயினும் அப்பகுதி நிலக்கரி எஃகுத் தொழிலுக்கு ஏற்றதாக இல்லை. சுரங்க உரிமை பற்றிய அந்நாளைய அரசாங்க விதிகளோ, தனியார் எவரும் துணிந்து பணம் போட இயலாதபடி கடுமையாக இருந்தன. ஜாம்ஷெட்ஜி அத்திட்டத்தை ஒதுக்கி வைத்தார், ஆனால் மறக்கவில்லை.

பதினேழு ஆண்டுகள் சென்றன. 1899இல் மேஜர் மாஹன் என்பவரின் அறிக்கை, இந்தியாவில் எஃகுத் தொழில் தொடங்கக் காலம் கனிந்துவிட்டது என்று எடுத்துரைத்தது. அதே ஆண்டில் கர்சன் பிரபுவின் அரசு சுரங்க விதிகளையும் தளர்த்தியது. ஜாம்ஷெட்ஜிக்கு அப்போது வயது 60. செல்வம் இருந்தது, புகழ் இருந்தது, உடல்நலம் மட்டும் குன்றத் தொடங்கியிருந்தது. ஓய்வெடுக்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவரோ, காத்திருந்த வேளை வந்துவிட்டது என்று எழுந்தார். இங்கிலாந்து சென்று இந்திய விவகார அமைச்சர் ஹாமில்டன் பிரபுவைச் சந்தித்து ஆதரவு பெற்றார். 1902இல் அமெரிக்கா சென்று எஃகு நகரங்களைச் சுற்றிப் பார்த்து, சார்லஸ் பேஜ் பெரின் என்னும் பொறியியல் வல்லுநரை இப்பணிக்கு இசைய வைத்தார். 1904இல் பெரினின் துணைவரான வெல்டு இந்தியா வந்து தாது தேடும் பணியைத் தொடங்கினார்.

இன்னும் ஆலைக்கு இடமே தெரியாத அக்காலத்தில், அமையப்போகும் நகரம் எவ்வாறு இருக்க வேண்டுமென்று 1902இல் தம் மகன் தோராப்ஜிக்கு ஜாம்ஷெட்ஜி கடிதம் எழுதியிருந்தார். அகன்ற சாலைகள், நிழல் தரும் மரங்கள், பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள் ஆகியவற்றோடு, இந்துக்களின் கோயில்களுக்கும் முஸ்லிம்களின் பள்ளிவாசல்களுக்கும் கிறித்தவர்களின் தேவாலயங்களுக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்பதும் அக்கடிதத்தில் இருந்த அறிவுரையாகும். பல சமயத்தாரும் ஒன்றாக உழைக்கப்போகும் ஊருக்கு, முதல் செங்கல் வைப்பதற்கு முன்பே அவரவர் வழிபாட்டிடத்தை எண்ணிப் பார்த்த அந்த முன்யோசனை போற்றத்தக்கது.

கல்விக்கென எடுத்த முடிவு

1898இல் அவர் மற்றொரு முடிவை அறிவித்தார். உயர்நிலை அறிவியல் ஆராய்ச்சிக்கென ஒரு கழகம் நிறுவத் தம் சொத்தில் 30 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள பகுதியை ஒதுக்கினார். தொழில் வளர வேண்டுமானால் அறிஞர்களை அயல்நாட்டிலிருந்து என்றென்றும் கூலிக்கு அழைத்துக்கொண்டிருக்க முடியாது என்பது அவர் கருத்து. கழகத்திற்குத் தம் பெயர் சூட்டப்பட வேண்டுமென்று அவர் கேட்கவில்லை.

கொடுப்பவர் ஒரு நாளில் எடுத்த முடிவை ஏற்பவர்கள் எடுக்க ஆண்டுகள் பல ஆயின. கர்சன் பிரபுவின் அரசாங்கம் ஐயங்களை எழுப்பியது, குழுக்கள் அமைந்தன, அறிக்கைகள் வந்தன. மைசூர் அரசு பெங்களூரில் 371 ஏக்கர் நிலம் வழங்கியது. இறுதியாக 1909இல்தான் இந்திய அறிவியல் கழகம் சட்டப்படி உருப்பெற்றது. 1911இல் முதல் மாணவர்கள் சேர்ந்தனர். அவ்வளவு ஆண்டுகளில் படித்து வெளிவந்திருக்கக் கூடிய மாணவர்களை எண்ணிப் பார்த்தால், தாமதமும் ஒரு செலவே என்பது விளங்கும். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாத செலவு அது.

மறைவும் அதன் பின்னும்

ஜாம்ஷெட்ஜி அக்கழகத்தைக் காணவில்லை. எஃகு ஆலையையும் காணவில்லை. 1904 மே 19ஆம் நாள் ஜெர்மனியின் பாட் நவ்ஹைம் நகரில் அவர் உயிர் நீத்தார். கண்ணெதிரே நிறைவேறியது, 1903 டிசம்பரில் பம்பாயில் திறக்கப்பட்ட தாஜ்மகால் விடுதி.

தலைவர் மறைந்ததும் திட்டங்களும் மறைந்துபோவதை நாம் எத்தனையோ இடங்களில் காண்கிறோம். இங்கு அவ்வாறு நிகழவில்லை. மூத்த மகன் தோராப்ஜியையும், இளைய மகன் ரத்தன்ஜியையும், உறவினர் ஆர்.டி. டாடாவையும் தம் வாழ்நாளிலேயே பொறுப்புகளில் அமர்த்திப் பழக்கியிருந்தார் அவர். சாந்தா தாது பயன்படாதெனத் தெரிந்தபோது தேடல் நிற்கவில்லை. புவியியல் அறிஞர் பி.என். போஸ் 1904இல் எழுதிய கடிதம் மயூர்பஞ்ச் சமஸ்தானத்தின் தாது வளத்தைச் சுட்டிக்காட்டியது. 1907இல் டாடா இரும்பு எஃகுக் கம்பெனி பதிவாயிற்று. இலண்டன் பணச் சந்தையில் முதல் திரட்டும் முயற்சி பலிக்கவில்லை என்றதும், இந்திய மக்களிடமே கேட்பதென முடிவு செய்தனர். மூன்றே வாரங்களில், சுமார் 8,000 இந்தியர்கள் 2,31,75,000 ரூபாயை வழங்கினர்.

சாக்சி என்னும் சிற்றூரில் எழுந்த அந்த ஆலை 1912 பிப்ரவரியில் முதல் எஃகை வார்த்தது. இரண்டே ஆண்டுகளில் முதல் உலகப்போர் மூண்டது. முடிவு இன்னும் சில ஆண்டுகள் தள்ளிப்போயிருந்தால், போர்க்காலத்தில் அயல்நாட்டு இயந்திரங்களை வரவழைத்து ஆலை கட்டுவது அரிதினும் அரிதாகியிருக்கும். 1919இல் செம்ஸ்ஃபோர்டு பிரபு அந்நகருக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயர் சூட்டினார்.

நமக்குரிய படிப்பினை

இவ்வரலாற்றை நாம் எழுதியது ஒரு செல்வரின் பெருமையைப் பாடுவதற்காக அன்று. அவருடைய ஆலைகளின் அளவுக்கும் நம் கடைகளின் அளவுக்கும் ஒப்புமை இல்லை என்பது உண்மையே. ஆனால் முடிவுகளின் தன்மை ஒன்றுதான்.

கடன் சுமை ஏறியிருப்பின், கடன் கொடுத்தவர் நம்மைத் தேடி வருமுன் நாம் அவரைத் தேடிச் சென்று உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கூட்டாளிகளுக்குள் கணக்கில் பிணக்கு இருப்பின், சகோதரர்கள் முகம் பார்த்துப் பேசும் நிலையில் இருக்கும்போதே அமர்ந்து தீர்த்துக்கொள்ள வேண்டும். ஓடாத கிளையை, ஊரார் என்ன சொல்வார்களோ என்று அஞ்சி ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மலிவாகக் கிடைக்கிறதென்று ஆராயாமல் எதையும் வாங்கக் கூடாது. பெரியவர்கள் தெளிவோடும் திடத்தோடும் இருக்கும்போதே அடுத்தவர்க்குப் பொறுப்பைப் பழக்கிக் கொடுத்துவிட வேண்டும். இவற்றுள் எதற்கும் பெரிய முதல் தேவையில்லை. இவற்றைத் தள்ளிப்போட்டதனால் கடை போனதோடு உறவும் போன குடும்பங்களை நம் ஊரிலேயே நாம் அறிவோம். பெயர் சொல்ல வேண்டியதில்லை.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். வேகமாக முடிவெடுப்பதே வீரம் என்று இன்று பலர் எண்ணுகின்றனர். ஜாம்ஷெட்ஜி பதினேழு ஆண்டுகள் காத்திருந்தார். வேளை வந்ததும் ஒரு நாளும் காத்திருக்கவில்லை. அந்த இரண்டையும் சேர்த்துக் கற்றுக்கொண்டால்தான் கற்றதாகும். காத்திருந்த ஆண்டுகளில் அவர் அந்த அறிக்கையைத் தொலைக்காமல் வைத்திருந்தார் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இந்த ஆண்டறிக்கையைக் கையில் எடுத்த ஒவ்வொருவரும், நாம் தள்ளி வைத்திருக்கும் முடிவு எது என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக. அது ஆராயப்படாமல் கிடப்பின் இன்றே ஆராயத் தொடங்குவோம். ஆராய்ந்து முடிந்தும் கிடப்பின், அதை இன்றே நிறைவேற்றுவோம். அடுத்த ஆண்டு மலர் நம் கைக்கு வரும்போது, அந்த ஒரு சுமையேனும் நம் தோளிலிருந்து இறங்கியிருக்கட்டும்.